ஐந்தாம் நாள் நுரை

சலவைப் பவுடர் குளத்துநீரில் மக்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. இன்று பாட்டிலைக் குலுக்கினேன், நுரையே எழவில்லை; முழுக்க மக்கிவிட்டது. பவுடர் தேறிவிட்டது. அக்காவோடு போட்ட பழைய பந்தயம் நினைவுக்கு வர, எனக்குச் சிரிப்பு வந்தது.

சங்கரன்கோவிலில் அப்போது எனக்கு எட்டு வயது. மாமா பம்பாயிலிருந்து கொண்டுவந்த புதுப் பவுடரை அக்காவும், அம்மா பட்டுச்சேலை அலசும் பூந்திக்காயை நானும் குளத்துநீரில் கரைத்து ஆளுக்கொரு பாட்டிலில் அடைத்தோம். அதிக நாள் நுரைப்பவளுக்குச் சிவகிரி பஸ்ஸில் ஜன்னல் சீட். தினமும் காலையில் குலுக்கினோம். என்னுடையது ஐந்தாம் நாளே அடங்கிவிட்டது. அக்காவுடையது ஆடித்தபசுத் திருவிழா முடிந்தும் பொங்கியது.

"தோத்துட்டெல்லா, நடுவுல உக்காரு" என்றாள். சிவகிரி வரை அழுதேன்.

இன்று போனில் சொன்னேன்: "அக்கா, நுரை அடங்குனாத்தான் பாஸ். அன்னைக்கு ஜெயிச்சது நான்."

"ஏட்டி, இதுக்கா இம்புட்டுப் படிச்சே? சரி, வா, சிவகிரிக்குப் போவோம். திரும்பும்போது ஜன்னல் எனக்கு."