கூரைக்கு எட்டாத சுவர்

எங்கள் தொழிலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்; மற்றதெல்லாம் அதைக் கேட்காமல் தப்பிக்க நாமே கண்டுபிடித்துக்கொண்ட கேள்விகள். ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய், மனசு சரியில்லாதவர்களோடு பேசி, தேவையானால் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு அழைத்து வருவது என் வேலை. காகிதத்தில் என் பதவிக்கு ஒரு முழ நீளத்தில் பெயர் உண்டு. தோட்டத்தில் என் பெயர் ‘மனசு மிஸ்’. ஊரார் கவலையைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கும் என் இனத்தவர்களே, அட்டைக் கடி, வராத பஸ், நனைந்த படிவம் இதெல்லாம் உங்களுக்கும் பழகியதுதான். அதனால் அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

மாட்டின் வரலாறு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில், மனைவியை இழந்து மூன்று மாதமாகியும் யாரோடும் பேசாமல் இருக்கிற ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். “சாகணும்னு நினைப்பு வருதா?” என்று நேராகக் கேட்க வேண்டும். அப்படித்தான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடும் என்பது வீண் பயம், உண்மையில் கேட்கப்பட்டவருக்குப் பாரம்தான் இறங்கும் என்றும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்.

பயிற்சியில் நன்றாகத்தான் கேட்டேன். அங்கே போனதும் வாய் வரவில்லை. சாப்பிட்டீங்களா என்றேன். தூக்கம் வருதா என்றேன். முழங்கால் வலியை விசாரித்தேன். வாசலில் மாடு நின்றது. அது எத்தனை லீட்டர் கறக்கிறது, எத்தனை ஈற்று, அதன் தாய் மாடு எங்கே வாங்கியது என்று மாட்டின் வம்ச வரலாறு முழுவதையும் கேட்டு முடித்தேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சாகணும்னு தோணுதான்னு கேக்கத்தானே மிஸ் வந்தீங்க?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். “தோணும். பொழுது சாயுற நேரத்துல தோணும்” என்று ஆரம்பித்தவர், மூன்று மாதத்துப் பேச்சை ஒரு மணி நேரத்தில் பேசி முடித்தார். அடுத்த வியாழக்கிழமை கிளினிக்குக்கு வருவதாகவும் ஒத்துக்கொண்டார். பிறகு புல்லறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தவர் சொன்னார்:

“இத மொதல்லயே கேட்டிருந்தீங்கன்னா, மாடு இந்நேரம் தின்னு முடிச்சிருக்கும்.”

ஸ்வெட்டர்

கொழும்பில் நடந்த இன்னொரு பயிற்சியில் ஒரு குறிப்புக் கொடுத்தார்கள். மனவேதனையில் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் அதை மறைக்கப் பார்ப்பார்கள். ஆகவே, வெயில் நாளிலும் நீளக் கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளைகளைக் கவனியுங்கள் என்பது அந்தக் குறிப்பு. நான் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு குளிர் மலையான கந்தப்பளையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் இறங்கினால், பிள்ளைகள் எல்லாரும் ஸ்வெட்டர். ஆசிரியர்களும் ஸ்வெட்டர். அதிபர் ஸ்வெட்டருக்கு மேல் மப்ளர். கொழும்புக்காரருக்குக் கந்தப்பளையின் வெயில் நாளைப் பற்றி என்ன தெரியும்? நான் ஒவ்வொரு கையாகச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே வகுப்பெடுத்தேன்.

மணி அடித்த பிறகு ஒரு பிள்ளை மட்டும் போகாமல் நின்றாள். உயர்தரம் படிக்கிறவள். வீட்டில் கோபப்பட இடமில்லை, அழ இடமில்லை. எல்லாவற்றையும் தன் மேலேயே காட்டிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் அவள் தோள் தளர்ந்ததைப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. இப்போது ஒரு வருடமாகக் கிளினிக்குக்கு ஒழுங்காக வருகிறாள். கோபம் வந்தால் எங்கள் மேல் காட்டுகிறாள், எங்கள் காதுதான் பாவம். அவள் அன்றைக்குச் சொன்ன வார்த்தையை அந்தக் குறிப்பின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்:

“நீங்க எல்லார் கையையும் பாத்தீங்க மிஸ். மூஞ்சியப் பாத்திருந்தா, நான் ஒருத்திதான் அழுதுக்கிட்டு இருந்தேன்.”

மூன்றாம் காம்பரா

இனி ராசாத்தியின் கதைக்கு வருகிறேன். இதுதான் என்னை ஆட்டிப் படைத்த கதை.

ராசாத்திக்கு நாற்பத்திரண்டு வயது. கொழுந்து பறிக்கிறவள். புருஷன் தவறி இரண்டு வருடம். ஒரே மகன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். மணிக்கட்டில் வலி வந்து முன்னைப் போலப் பறிக்க முடியாமல் போனதிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லை என்று தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து எனக்குத் தகவல் வந்தது. லயத்தின் ஒற்றை அறைகளான காம்பராக்களில் மூன்றாவது அவளுடையது.

பேசுவது இரகசியமாக இருக்க வேண்டும் என்பது நம் தொழிலின் முதல் விதி அல்லவா? கதவைச் சாத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். குரலை இறக்கி, மாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், நேராக அந்தக் கேள்வியைக் கேட்டேன். ராசாத்தி சிரித்தாள். “சேச்சே, அதெல்லாம் இல்ல மிஸ். நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றாள். அப்போது தலைக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை எட்டாது என்பதை, லயத்திலேயே பிறந்து வளர்ந்த நான், நாலு வருடப் படிப்பில் சுத்தமாக மறந்து போயிருந்தேன். அடுத்த காம்பரா சரோஜா வெங்காயம் வதக்கிக்கொண்டே பேசினாள்:

“அவ பொய் சொல்றா மிஸ். நேத்து ரெண்டு தடவ அழுதா. முந்தாநாளு சாப்புடவே இல்ல. விடாதீங்க, கேளுங்க.”

கங்காணியின் உத்தரவு

சுவருக்குக் காது மட்டுமில்லாமல் வாயும் இருப்பதால், மறுநாள் ராசாத்தி வேலை செய்யும் மலைக்கே போய்விட்டேன். அவளை நிறுத்திவைத்துப் பேசினால் அன்றைய கொழுந்து குறைந்துவிடும். அதனால் நானும் பக்கத்து நிரையில் நின்று பறித்து அவள் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டேன். அங்கே உண்மை வந்தது. “கையும் இப்புடி ஆயிருச்சு. நான் இல்லாட்டி என் மகனுக்கு ஒரு பாரம் கொறையும் மிஸ்” என்றாள். அழாமல் சொன்னாள், முடிவாகிவிட்ட ஒரு விஷயத்தைச் சொல்வது போல. அழுகிறவர்களைவிட இப்படி அமைதியாகச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

“நீங்க பாரம்னு உங்க மகன் சொன்னாரா?” என்று கேட்டேன். இல்லை என்றாள். “அவர்கிட்ட கேட்டீங்களா?” அதுவும் இல்லை. மகனுக்கும் சேர்த்து இவளே யோசித்து, இவளே தீர்ப்பும் எழுதிவிட்டாள். அந்த நினைப்பின் குணமே அதுதான், யாரையும் ஒரு வார்த்தை கேட்க விடாது. அங்கேயே என் போனில் மகனைப் பிடித்துக் கொடுத்தேன். “நீ போன் எடுக்காத அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காதும்மா. நீயா பாரம்?” என்றான். ராசாத்தி தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சத்தம் கேட்டு, வேலையை மேற்பார்க்கும் கங்காணி வந்தார். கூடைக்குள் பார்த்து, நான் பறித்துப் போட்டிருந்த முற்றின இலையை எல்லாம் கை நிறைய அள்ளி வெளியே போட்டார். ராசாத்தி அழுதபடியே சிரித்துவிட்டாள். கங்காணி என்னிடம் சொன்னார்:

“நீங்க கவலைய மட்டும் பறிங்க மிஸ். கொழுந்த நாங்க பாத்துக்கிறோம்.”

ஒரே பெயர்

அந்த வியாழக்கிழமை ராசாத்தி கிளினிக்குக்கு வந்தாள். டொக்டர் மருந்து தொடங்கினார். கைக்கும் வைத்தியம் ஆரம்பமானது. நான் வழக்கமாகக் கொடுக்கும் அட்டையைக் கொடுத்தேன். மனசு கெட்டுப் போவது எப்படித் தெரியும், அப்போது என்ன செய்வீர்கள், யாரிடம் போவீர்கள் என்று மூன்று பகுதி. அந்த நேரம் எப்படியும் கடந்து போகும், கடக்கும் வரை கூட ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அட்டை. ஆட்களின் பெயருக்கு மூன்று கோடு விட்டிருப்போம். சிலர் அதில் எழுதும் பெயர்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒருவர் தான் தேடிப் போகும் ஆளாகச் சில்லறைக் கடை வைத்திருக்கும் நானாவின் பெயரை எழுதிவிட்டார். நானா என்னைத் தேடி வந்து, அவன் வந்தால் தான் என்ன பேச வேண்டும் என்று கவலையோடு கேட்டார். பேசவே வேண்டாம், ஒரு பிளேன்டீ கொடுத்து உட்கார வையுங்கள் என்றேன். அதைத்தானே முப்பது வருடமாகச் செய்கிறேன், இதற்கு ஒரு அட்டையா என்று போய்விட்டார்.

ராசாத்தி மூன்று கோட்டில் ஒன்றைத்தான் நிரப்பினாள்: ‘சரோஜாக்கா’. போன் நம்பர் எழுதவில்லையே என்று கேட்டேன்.

“நம்பரு எதுக்கு மிஸ்? சுவத்துல ரெண்டு தட்டு தட்டுனா மேல தலைய நீட்டிருவா.”

முழுச் சுவர்

அந்த வருடம் ஆவணியில் லயத்துக்காரர்களுக்குத் தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். நான் பிறந்த நாளிலிருந்து எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த வீடு. சுவர் நாலும் கூரை வரை போனது. சீட்டுக் குலுக்கியதில் சரோஜாவுக்கு ரோட்டோரம் மேல் வரிசையிலும், ராசாத்திக்கு ஏழு வீடு தள்ளிக் கீழே சரிவிலும் கிடைத்தது. எல்லாரும் பால் காய்ச்சிக் கொண்டாடினார்கள். நான் மட்டும் பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அட்டையில் ராசாத்தி எழுதியிருந்த ஒரே வழி சுவரில் தட்டுவது. இனி தட்டினால் கேட்பது அவளுக்கு மட்டும்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மழை நாளில் அவளைப் பார்க்கப் போனேன். காலை எட்டு மணி. வீடு பூட்டியிருந்தது. தட்டினேன், பதில் இல்லை. வேலைக்குப் போயிருப்பாள் என்று, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். “வரலயே மிஸ். சரோஜாவும் வரல” என்றார் கங்காணி. அங்கிருந்து சரோஜா வீட்டுக்கு எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. கதவைத் தள்ளினால், அடுப்புக்குப் பக்கத்தில் ராசாத்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அழுது முகம் வீங்கியிருக்கிறது, கையில் தேத்தண்ணி. நான் சேற்றுக் காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். தெம்பாக இருக்கிறதே என்று ஒரு வாரமாக ராசாத்தி மருந்தை நிறுத்தியிருக்கிறாள். பழைய நினைப்பு திரும்பி வந்திருக்கிறது. குடிவந்த நாளிலிருந்தே சரோஜா பெரட்டுக்குப் போகும்போது ரோட்டில் நின்று, மலையே அதிர, “ஏ ராசாத்தி” என்று கூப்பிடுவாளாம். கீழேயிருந்து “வர்றேங்க்கா” என்று பதில் வருமாம். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். அதைக் கேட்டு முடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆகும். மூன்று பேருமாக ஆட்டோவில் கிளினிக்குக்குப் போகும்போது சரோஜா என்னிடம் சொன்னாள்:

“இன்னைக்கு வெறும் ‘ம்’னு மட்டும் சொன்னா. அந்த ‘ம்’ சரியில்ல மிஸ். அதான் எறங்கிப் போயி இழுத்துட்டு வந்துட்டேன்.”

மிஸ்ஸுக்கு யார்?

ராசாத்தி தேறிவிட்டாள். மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறாள். தீபாவளிக்கு வந்த மகனோடு போட்டோ எடுத்து அனுப்பினாள். தேறாமல் கிடந்தது நான்தான். அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்ற நேரம் என்னைவிட்டுப் போகவில்லை. ஹட்டனில் மூன்றாம் மாடியில், நாலு பக்கமும் முழுச் சுவருள்ள அறையில் தனியாக இருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரையும் பேச வைக்கிறவளுக்குப் பேச ஆள் தேடுவது வெட்கமாக இருந்தது. சக தொழிலாளர்களே, இந்த வெட்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த முறை போனபோது ராசாத்தியும் சரோஜாவும் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம் போலச் சிரித்து விசாரித்தேன். சரோஜா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “நீங்க சிரிக்கிறது சரியில்லயே மிஸ். உங்களுக்கு அங்க யாரு குரல் குடுக்குறா?” என்று கேட்டாள். எனக்கு ஒன்றுமில்லை, நான் நல்லாத்தான் இருக்கேன் என்றேன். ராசாத்தி அரிசியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“அவங்க பொய் சொல்றாங்கக்கா. விடாதீங்க, கேளுங்க.”

அன்றைக்கு அந்த வாசலில் நானும் ஒரு பாட்டம் அழுது முடித்தேன். இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு என் போன் அடிக்கிறது, வெறும் ‘ம்’ என்று சொன்னால் சரோஜா முதல் பஸ்ஸில் ஏறி வந்துவிடுவாள் என்ற பயத்தில் நானும் தூக்கக் கலக்கத்திலேயே முழு வாக்கியமாகப் பதில் சொல்லப் பழகிவிட்டேன்.