சாம்பல்மேல் வைத்த பச்சைக் கிண்ணம்

எனக்கு எண்பத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு நாத்தனார் விட்டுப்போனவை. ஒருத்தரும் சோடை போகவில்லை. எழுத்து எனக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் வரும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

பதினெட்டு வயதில் திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டுக்காரருக்குத் தெலுங்குப் பக்கம் ஊறுகாய் ஜாடி சுடுகிற சூளையில் வேலை. ஒருமுறை வந்தபோது துண்டில் சுற்றி ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். அவர் கையால் வனைந்தது. விளிம்பைச் சுற்றி வேப்பங்குச்சியால் அலை அலையாகக் கீறியிருந்தார். ஓரத்தில் தேன் நிறம், உள்ளே போகப் போகப் பாசிப் பச்சை.

"இன்னா பூசினீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பூசல. சவுக்குக் கட்ட எரியறப்போ சாம்பல் பறந்து வந்து மேல குந்திக்கும். சூட்டுல அதுவே உருகி ஓடிச்சி."

மாமியார் எட்டிப் பார்த்தார். "சோறு போட முடியாது, கொழம்பு ஊத்த முடியாது. பொண்டாட்டி அழகு பாக்கவாடா?"

"ஆங், அழகு பாக்கத்தான்."

தண்ணீர் ஊற்றிச் சம்பங்கியை மிதக்க விட்டேன். ஒரு நாள் கழுவும்போது கல்தொட்டியில் இடித்துவிட்டது. அடியில் மயிரிழை போல விரிசல், லேசாகக் கசிந்தது. ஒருவரிடமும் சொல்லாமல், கீழே துணி மடித்து வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் மாமனார் படுத்தார். தினமும் சரவணப் பொய்கையில் முங்கி மலையேறி வந்த மனிதர். கிண்ணத்தை அவர் கட்டில் பக்கம் வைத்தேன். மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருப்பார். "பொய்கையே இங்க வந்து குந்திகினு கீதும்மா," என்பார். அப்படிப் பார்த்தபடியேதான் கண் மூடினார்.

சாவு விழுந்த வீட்டில் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் தீட்டுப் போய்விடும். மண் பாத்திரம் தீட்டைக் குடித்துவிடும் என்பார்கள். கருமாதிக்கு முன்னால் அத்தனையையும் உடைத்தாக வேண்டும். பானை, சட்டி, மூடி எல்லாம் உடைந்தன. மாமியார் கை கிண்ணத்துக்குப் போனது.

"அது மண்ணு இல்லம்மா," என்றார் என் வீட்டுக்காரர், மொட்டைத் தலையோடு.

"பின்ன இன்னா, தங்கமா?"

"மண்ணுன்னா தண்ணி குடிக்கும். சாம்பல் மேல வெச்சித் தண்ணி ஊத்து. வெளக்கு வெக்கறதுக்குள்ள சாம்பல் நனஞ்சா நானே ஒடைக்கிறேன்."

விரிசல் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? இவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

முற்றத்தில் சலித்த சாம்பலைப் பரப்பி, கிண்ணத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். அன்று பகல் முழுக்க நான் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். வெயில் தண்ணீரில் விழுந்து சுவரில் பச்சையாக ஆடியது. மலைமேல் மணி அடித்தது. கண் சொக்கிப்போய், கிண்ணத்துக்குள் படிகள் தெரிந்தன. மாமனார் ஈர வேட்டியோடு ஒவ்வொரு படியாக இறங்கினார். தண்ணீரில் அலையே எழவில்லை. மீன்கள் அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தன. நானும் இறங்கலாமா என்று காலை நீட்டினேன். சுவரில் பச்சை மறைந்து, பொழுது சாய்ந்திருந்தது.

மாமியார் குனிந்து கிண்ணத்தைத் தூக்கினார். அடியில் புளியங்கொட்டை அளவுக்குச் சாம்பல் கறுத்திருந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"இன்னாம்மா?" என்று இவர் பின்னாலிருந்து கேட்டார்.

மாமியார் குதிகாலால் அந்த இடத்தை ஒரு தேய் தேய்த்தார். "காஞ்சிதான்டா கீது. கல்லாட்டம் பண்ணிகிறே," என்றார். கிண்ணத்தை என் கையில் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அவுரு பாத்துகினு இருந்தது. உள்ள வெய்யி. துணி போட மறந்துடாதே," என்றார்.

அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இவர் கடைசி வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தச் சாம்பல் கதையைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். நான் வெற்றிலை மடித்துக்கொடுப்பேன். கிண்ணம் இதோ ஜன்னலில்தான் இருக்கிறது, துணிமேல்.

கண்ணு, எழுதினதை ஒருதரம் படிச்சுக் காட்டு. சத்தம் போடாம படி. அடுத்த ரூம்ல உங்க தாத்தா படம் மாட்டிகீது.