நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும்

கார் கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்தில் ஒருவரை என்ன வேலை என்று கேட்டால் ஒரு பாகத்தின் பெயரைச் சொல்வார். சீட்டு என்பார். கண்ணாடி என்பார். வந்த புதிதில் எனக்கு இது புரியவில்லை. எங்கள் மலையில் கேட்டால் இன்னார் காப்பித் தோட்டத்தில் இருக்கிறேன் என்பார்கள். இங்கே டீக்கடையில் பக்கத்தில் நின்றவர், "நான் பிரேக்கு. நீ இன்னா?" என்றார். நான் என் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்தார். "பேரு கெடக்குதுபா. லைன்ல இன்னா மாட்ற?" இப்போது நானும் பழகிவிட்டேன். நான் கதவு. ஆறு வருடமாக ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்டில் கதவு மாட்டுகிறேன். அன்று பிரேக்கு என்று சொன்னவர் எட்டியப்பன், பக்கத்து ஊர் சேரப்பணஞ்சேரிக்காரர். இங்கே எனக்கு ஒன்று என்றால் முதலில் வருகிற ஆள் அவர்தான்.

நானும் என் மனைவி செல்வியும் படப்பையில் ஒரு அறையில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் ஷிப்ட். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் மகள் பூமிகா மலையில் என் தம்பி வீட்டில் இருந்து படிக்கிறாள். தார் ரோடு முடிந்த பிறகு மூன்று கிலோமீட்டர் மண் பாதையில் ஏறினால் வீடு. போன ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வாடகை ஜீப் எதுவும் மேலே ஏறவில்லை. தம்பி அவளை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினான். பிழைத்தாள். மழையில் வண்டி கிடைக்காமல் நாங்கள் போய் அவள் முகத்தைப் பார்த்தது மூன்றாம் நாள். செல்வி அழவில்லை. படப்பைக்குத் திரும்பிய பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள். "அடுத்த மழைக்குள்ள நம்ம வீட்டு வாசல் வரைக்கும் ஏறுற வண்டி வேணும். இல்லைன்னா நான் மேல போயிடுறேன். நீங்க இங்கிட்டே இருந்துக்கங்க." சொன்னால் செய்கிறவள்.

நாள் முழுக்கப் புது வண்டியைத் தொடுகிறவன் நான். ஆனால் கையில் இருந்ததற்குப் பழைய வண்டிதான் கிடைக்கும். தம்பி குடும்பத்தையும் சேர்த்து ஏழு பேர் உட்கார வேண்டும். சேற்றில் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிகளைத் தேடிப் பார்த்தேன். எல்லாமே கதவில் தோற்றன. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை விரலால் தடவுவேன். மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு என்றால் வேண்டாம் என்று வந்துவிடுவேன். லைனில் அப்படித்தான் பழக்கம். ஏழாவது வண்டியையும் வேண்டாம் என்றபோது செல்வி கேட்டாள். "ஏங்க, வண்டி வாங்கப் போறீங்களா, கதவு வாங்கப் போறீங்களா?" அப்போது ஆடி பிறந்துவிட்டது.

எட்டியப்பனிடம் சொன்னேன். "தனியா ஏன்பா போற? பழைய வண்டின்னா கூட்டமாத்தான் போவணும்" என்றார். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு இந்த முறையைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போவோம், முழு வண்டியையும் அவரே பார்ப்பார். இங்கே எங்களில் முழு வண்டி தெரிந்தவர் யாரும் இல்லை. ஆளுக்கு ஒரு பாகம்தான். ஆனால் அந்த ஒரு பாகத்தில் யாராலும் எங்களை ஏமாற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமை எட்டியப்பன் பிரேக்கு பார்க்க வந்தார். வயரிங் கம்பெனியில் வேலை செய்கிற கோமதி அக்கா வயர் பார்க்க வந்தார். கூலி கிடையாது, ஒரு டீயோடு சரி. லீவு நாளில் யாருக்கோ வண்டி பார்க்க எதற்கு வர வேண்டும்? வந்தார்கள். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

படப்பையில் ஒரு கடையில் வெள்ளை வண்டி நின்றது. பிரேக்கு சரி என்றார் எட்டியப்பன். கோமதி அக்கா டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு வயர்ல கூட கை வெக்கல தம்பி, அப்டியே கீது" என்றார். கதவுகள் நான்கும் கம்பெனியில் மாட்டியது போலவே இருந்தன. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. அட்வான்ஸ் எடுக்கப் பைக்குள் கை விட்டேன். அதற்குள் எட்டியப்பன் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஃபோர் வீல் லீவரைப் போட்டேன். விளக்கு எரிந்தது. சிமெண்டுத் தரையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் அடித்தேன். "வெண்ண மாரி போவுது தல!" என்று எட்டியப்பன் தொடையைத் தட்டினார். நான் நிறுத்திவிட்டேன். இங்கே வருவதற்கு முன் மலையில் ஐந்து வருடம் ஜீப் ஓட்டினேன். நான்கு சக்கரமும் பூட்டியிருந்தால் காய்ந்த கெட்டித் தரையில் வண்டி அப்படித் திரும்பாது. திமிறும். இறங்கி அடியில் படுத்துப் பார்த்தேன். முன் சக்கரத்தைச் சுற்றவைக்கும் இரும்புத் தண்டே இல்லை. கழற்றியிருந்தார்கள். கடைக்காரர் கூசவில்லை. "டவுன்ல ஓட்றதுக்கு அது இன்னாத்துக்கு சார்? டீசல்தான் குடிக்கும்." கோமதி அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப பின்னாடி கீற ரெண்டு சக்கரத்தையும் கழட்டிடு. டீசலே வேணாம்." வாங்காமல் திரும்பிவிட்டோம். கதவைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்ததையே மறந்திருந்தேன். அந்த வண்டியை நம்பி மழையில் ஏறியிருந்தால் பாதியில் நின்றிருப்போம்.

அடுத்த வண்டி வாலாஜாபாத் பக்கம் ஒரு நெல் மில்லில். மில்லை நடத்துகிற அம்மா எதையும் மறைக்கவில்லை. பிரேக்கு சரியில்லை, வயரை எலி கடித்திருக்கிறது, சீட்டு கிழிந்திருக்கிறது என்று அவரே சொன்னார். பின் கதவுச் சந்தில் என் கட்டைவிரல் போனது. "நாலு சக்கரமும் இழுக்குமாம்மா?" என்று கேட்டேன். "இழுக்குமாவா? ஏரிச் சேத்துல மாட்ன டிராக்டரயே இழுத்துக்கினு வந்துச்சு" என்றார். நெல் காயவைக்கிற சிமெண்டுக் களத்தில் லீவரைப் போட்டு ஸ்டியரிங்கை ஒடித்தேன். வண்டி முட்டியது. உதறியது. டயர் கிறீச்சிட்டது. "நிறுத்துபா, உள்ள எதுவோ ஒடஞ்சி பூட்ச்சி!" என்று எட்டியப்பன் கத்தினார். நான் சிரித்தேன். நான் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. "இதுதான் வண்டி" என்றேன். பிறகு ஏரிக்கரைச் சேற்றில் இறக்கி ஏற்றிக் காட்டினேன். எட்டியப்பன் சேறு அப்பிய முன் டயரைத் தட்டிப் பார்த்தார். "கதவு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன்பா உனக்கு" என்றார்.

அதையே வாங்கினோம். அதற்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. எட்டியப்பன் பிரேக்கைப் பிரித்து மாட்டினார். கோமதி அக்கா வயர் முழுவதையும் மாற்றினார். சீட்டுக் கம்பெனிக்காரர் ஒருவரை எட்டியப்பன் கூட்டிவந்தார். அவர் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. ஒரே நாளில் தைத்துக் கொடுத்துவிட்டு டீ குடித்துப் போனார். சொந்தத்தில் கூட இப்படிச் செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் போனோம். நல்ல மழை. தார் முடிந்த இடத்தில் லீவரைப் போட்டேன். இரண்டு இடத்தில் வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. செல்வி முன் கம்பியைப் பிடித்திருந்தாள். முன் சக்கரம் கடித்து இழுத்தது. வாசலில் நின்றபோது பூமிகா மழையிலேயே ஓடிவந்தாள். முதலில் எங்களைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். "அப்பா, இனிமே எப்ப வேணா வருவீங்களா?" என்றாள். வருவோம் என்றேன். அதைச் சொல்வதற்குத்தான் இத்தனையும்.

இரண்டு நாள் இருந்தோம். கிளம்பும்போது பூமிகாவும் தம்பியும் தார் ரோடு வரை வண்டியில் கூட வந்தார்கள். அங்கே நிறுத்தி, கொஞ்சம் பின்னால் எடுத்து லீவரைத் தள்ளினால்தான் முன் சக்கரத்தின் பூட்டு விடும். தள்ளினேன். அவர்கள் இறங்கினார்கள். செல்வியும் இறங்கி, மகள் தலையில் துண்டைப் போட்டுவிட்டு நின்றாள். மகளோடு இருக்கிறாளா, என்னோடு வருகிறாளா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்து ஏறினாள். என் பக்கத்து சீட்டு காலியாகத்தான் இருந்தது. அவள் பின்னால் ஏறி, திரும்பி மலையைப் பார்த்து உட்கார்ந்தாள். அடிவாரத்து வத்தலக்குண்டு வரை அப்படியே வந்தாள்.