வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

இரும்புக்கடைக்காரருக்கு வெல்டர் எண்பதாயிரம் கடன்பட்டிருந்தார். மூன்று வருஷமாக வட்டி கட்டவே நாக்குத் தள்ளியது. அடுத்த தெருப் பெண் செத்த பிறகு, இரண்டே மாதத்தில் அசலும் அடைந்தது. கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். வெல்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு, பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்த பிள்ளை அவள். எவனோ கத்தியால் குத்திப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். போலீஸ் வந்தது, கேமராவைப் பார்த்தது. ஆள் மட்டும் அகப்படவில்லை. அப்புறம் வெல்டருக்கு மூச்சு விட நேரமில்லை. ஜன்னலுக்குக் கிரில், வாசலுக்குக் கம்பிக் கேட், மாடிக்குக் கூண்டு என்று தெருவே அவரைத் தேடி வந்தது.

நாலாங்கிளாஸைத் தாண்டாதவர். அடுத்தவன் பட்டறையில் கம்பி தேய்த்துத் தேய்த்தே தொழில் பிடித்துச் சொந்தப் பட்டறை போட்டவர். "நான் பத்தவச்ச இடம் விட்டுச்சுன்னா மீசையை எடுத்துடறேன்" என்பார். இந்தக் கேட்டுகளில் அவருடைய சொந்த யோசனையும் ஒன்று உண்டு. தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் வெளிப்பக்கம். உள்ளே வைத்தால் யார் கூப்பிட்டாலும் பிள்ளைகள் திறந்துவிடும் என்பது அவர் கணக்கு. வேலைக்குப் போகும் ஆண்கள் வெளியே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். "மூளைன்னா இது மூளைண்ணே" என்றார் எதிர்வீட்டு ஆட்டோக்காரர்.

முதல் கேட் அவர் வீட்டுக்குத்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் தவமிருந்து பெற்ற ஒரே பெண். காலையில் வண்டியில் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் கூட்டி வந்து உள்ளே விட்டுப் பூட்டுவார்.

"மாட்டைக்கூட ராத்திரிக்குத்தாம்ப்பா கட்டுவாங்க" என்றாள் மகள்.

"வாயைப் பாரு. அப்படியே அப்பன்" என்றாள் அம்மா.

ஒரு லீவு நாள். வெல்டர் ஊரின் அந்தக் கோடியில் வேலையாக இருந்தார். கட்டிங் மெஷின் சத்தத்தில், ஆணியில் மாட்டிய சட்டைக்குள் போன் அடித்தது கேட்கவில்லை. வீட்டில் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்து கிடந்தாள். மகள் கேட்டைப் பிடித்து உலுக்கிக் கத்தினாள். ஆட்டோக்காரர் மனைவி ஓடி வந்தாள், பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா ஓடி வந்தாள். இரண்டு பேராலுமே அவரவர் கேட்வரைக்கும்தான் வர முடிந்தது.

"துணியை மடிச்சு வச்சு அழுத்துடி. கையை எடுத்துடாதே. அம்மாவைத் தூங்க விடாம பேசிக்கிட்டே இரு" என்று கம்பிக்கு நடுவில் தலையை அழுத்திக்கொண்டு கத்தினாள் அக்கா. கத்திய கையோடு தெரிந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டாள்.

சேதி எப்படியோ போய்ச் சேர்ந்து வெல்டர் பறந்து வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் அவர் அடித்த கம்பிகளுக்குள்ளே பெண்களும் பிள்ளைகளும் நின்றார்கள். சாவி பூட்டுக்குள் போக மறுத்தது.

"மெதுவாப்பா. ரத்தம் நின்னுடுச்சு" என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் முழுக்க வெல்டர் வீடு வீடாகப் போய், காசு வாங்காமல், தாழ்ப்பாளை அறுத்து உள்பக்கம் வைத்துக் கொடுத்தார்.

"மூளை இப்பதான் உள்ள போச்சாண்ணே?" என்றார் ஆட்டோக்காரர். வெல்டர் குனிந்து அடுத்த தாழ்ப்பாளை அறுக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை காலை மகள் பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மாவைத் தனியா விடாதீங்க. நான் பஸ்ல போறேன்."

"அவன் இன்னும் அகப்படலைடி."

"தெரியும்ப்பா. ஸ்டாப்புல இறங்கி நாங்க நாலு பேர் சேர்ந்துதான் நடப்போம். தெருமுனையில தையல்கார அக்கா நிப்பாங்க. பேசியாச்சு."

"யாரைக் கேட்டுப் பேசின?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

கட்டிலில் கட்டுப்போட்ட தலையோடு படுத்திருந்த மனைவி சிரிக்கப் பார்த்து, வலியில் முகம் சுளித்தாள். "விடுங்க" என்றாள்.

பயமில்லை, போய் வா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போகாதே என்று சொல்லவும் வரவில்லை. சட்டைப் பையில் கை விட்டார். மகள் உள்ளங்கையை நீட்டினாள். போக இவ்வளவு, வர இவ்வளவு என்று சில்லறையை ஒவ்வொன்றாக வைத்தார். நடுவில் கணக்குத் தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். முடியும்வரை அவள் கையை மூடாமல் நின்றாள்.