என் பெயரில் ஓடியவள்

கோடைக்கானலில் நான் படித்த மேல்நிலைப் பள்ளியில் போன தை மாதம் 'ஹால் ஆஃப் ஃபேம்' திறந்தார்கள். பெயரைக் கேட்டால் என்னவோ ஏதோவென்று இருக்கும். ஹாலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அலுவலக அறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவில் உள்ள வராந்தாச் சுவர், அவ்வளவுதான். அதற்குப் புது பெயின்ட் அடித்து, பள்ளிக்காக ஓடியவர்கள், தாண்டியவர்கள், குண்டு எறிந்தவர்கள் என்று பழைய மாணவர்கள் பதினோரு பேரின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதாக ஏற்பாடு. அந்தப் பதினோரு பேரில் நானும் ஒருத்தி என்று விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் அரசுப் பள்ளியில் அப்போது மதிய உணவு இடைவேளை.

படத்தைத் திறந்து பார்த்தேன். முடிவுக்கோட்டு நாடா நெஞ்சில் பட ஒரு பெண் ஓடி வருகிறாள். இரட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்து பறக்கிறது. காலில் செருப்புகூட இல்லை. கீழே என் பெயர், இனிஷியலோடு. மாவட்ட விளையாட்டுப் போட்டி, எண்ணூறு மீட்டர், முதலிடம்.

படத்தில் இருப்பது நான் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர நான் வாழ்நாளில் ஓடியதே இல்லை.

அதற்குள் குழுவில் நாற்பது பேர் கைதட்டிவிட்டார்கள். பூங்கொத்து, கோப்பை, கும்பிடு என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. கைதட்டியவர்களில் பாதிப்பேர் என் வகுப்பில் படித்தவர்கள். படத்தில் இருப்பது யார் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அவளும் என் வகுப்புதான். அவளுடைய அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு இங்கே அனுப்பிவைத்ததில், கோடைக்கானலுக்கு வந்து மரம் வெட்டியும் காட்டில் கூலிக்குப் போயும் பிழைத்தார்கள். அவளுக்குப் பிறப்புச் சான்று கிடையாது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, அந்தக் காலத்து வழக்கப்படி வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டால் ஐந்து வயது என்று கணக்கு. அவளுக்கு நீளக் கை. காதைத் தாண்டிக் கழுத்துவரை போய்விட்டது. அப்போதைய தலைமையாசிரியர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏழு வயது என்று ஒரு தேதியை எழுதிவிட்டார். அவளுக்கு அப்போது ஐந்துதான் என்று அவள் அம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அந்த மனுஷரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு குழந்தையின் இரண்டு வருஷத்தை ஒரு நிமிஷத்தில் முழுங்கிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டிருப்பார்.

அந்தத் தேதி பத்தாம் வகுப்பில் அவள் காலைப் பிடித்து இழுத்தது. எங்கள் பள்ளியில் அவளை முந்த ஆண் பிள்ளைகளிலும் ஆள் இல்லை. ஆனால் பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் போட்டிக்கு அவள் பதிவேட்டின்படி சில மாதம் பெரியவள். உண்மையில் பதினைந்து வயசுக்காரி. உடற்கல்வி சார் யோசித்தார். அவர் கண்ணில் நான் பட்டேன். மேல்மலையில் பூண்டு போடும் குடும்பத்துப் பெண், ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள், அவளைப் போலவே ஒல்லி, அவளைப் போலவே இரட்டைச் சடை. படிவத்தில் என் பெயர், என் பிறந்த தேதி, அவள் போட்டோ. தலைமையாசிரியர் கையெழுத்து, பள்ளி முத்திரை. இரண்டு நாள் வகுப்புக்கு வராதே, யாராவது கேட்டால் காய்ச்சல் என்று சொல் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சந்தோஷமாகத் தூங்கினேன்.

அவள் திண்டுக்கல்லில் ஓடி முதலில் வந்தாள். சான்றிதழ் என் பெயருக்கு வந்தது. சார் அதைக் காலைக் கூட்டத்தில் தரவில்லை. தன் அறைக்குக் கூப்பிட்டு, வைத்துக்கொள், பின்னால் உதவும் என்று கொடுத்தார். நன்றாகவே உதவியது. பிளஸ் டூ முடித்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. எங்கே, ஓடிக் காட்டு பார்ப்போம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தப் பயிற்சியால் இந்த வேலை. அவள் பத்தாவதோடு நின்றுவிட்டாள். அதன்பிறகு கோடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் அவளை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் பார்க்காததுபோல் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். இவ்வளவு கோபமாக எழுதுகிறவள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

விழாக் குழுவின் செயலாளர் எங்கள் வகுப்புத் தோழன். கோடைக்கானலில் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டேஜ் நடத்துகிறான். அவனுக்குப் போன் போட்டேன். அலுவலகத்தில் கிடந்த பழைய ஆல்பத்திலிருந்து போட்டோவை எடுத்ததாகவும், பின்னால் என் பெயர் எழுதியிருந்ததாகவும் சொன்னான். அது யாரென்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றான். அந்தக் காலத்தில் எல்லாப் பள்ளியிலும் நடந்ததுதானே, இப்போது அதை எதற்குக் கிண்டுகிறாய் என்றான். நான் விடாமல் பிடித்துக்கொண்டதும் அவனே ஒரு வழி சொன்னான்.

"போட்டோதான் ஒனக்குப் பிரச்சனைன்னா, ஒன் போட்டோ ஒண்ண வெரசா அனுப்பிவிடு. மாத்திருவோம். சோலி முடிஞ்சுச்சு."

ஓட்டத்தை எடுத்தாயிற்று, பெயரை எடுத்தாயிற்று, மிச்சம் இருப்பது முகம் ஒன்றுதான், அதையும் எடுத்துவிடலாம் என்கிறான். ஒரு டீச்சர் வாயில் வரக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

உடற்கல்வி சார் ஓய்வு பெற்றுப் பழனியில் இருக்கிறார். அவரையும் விடவில்லை. முதலில் நலம் விசாரித்தார், மூட்டு வலியைப் பற்றிச் சொன்னார். நான் விஷயத்துக்கு வந்ததும் அவர் குரல் மாறியது.

"நான் மட்டும் அனுப்பலேன்னா அந்தப் பிள்ள அன்னைக்கு ஓடியே இருக்காதும்மா. திண்டுக்கல் கிரவுண்டயே பாத்திருக்காது. அத யோசிச்சியா நீ?"

பதில் வராவிட்டால் என் கோபம் இரட்டிப்பாகும், அது என் பிறவிக் குணம். அவ்வளவு அக்கறை இருந்தால் அவள் பிறந்த தேதியைத் திருத்த ஒரு மனு எழுதியிருக்கலாமே சார் என்று கேட்டேன். அது ஆபீஸ் வேலை, தன் வேலை இல்லை என்று கையைக் கழுவிவிட்டார். விழாவுக்குத் தனக்கும் சால்வை உண்டு, நீயும் வந்துவிடு என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்பி, பாச்சலூர் வழியாகத் தாண்டிக்குடிக்குப் போனேன். அவள் அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள் என்று விசாரித்து வைத்திருந்தேன். தாண்டிக்குடியிலிருந்து ஜீப்பில் இடுப்பு ஒடிய அரைமணி நேரம். அவள் வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டீச்சர்" என்றாள். நான் டீச்சரானது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளியில் என்னை வாடி போடி என்று கூப்பிட்டவள்.

போனில் படத்தைக் காட்டினேன். கையை நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கீழே இருந்த பெயரைப் படித்ததும் முகம் இறுகிவிட்டது.

"ஓடி முடிச்சிட்டு நிக்குறேன். மைக்குல ஒங்க பேரக் கூப்பிடுறாங்க. வேற யாரையோன்னு நெனச்சு நான் பாட்டுக்கு நிக்குறேன். சார் வந்து முதுகுல ஒரு அடி வச்சாரு, மேடைல ஏறுடின்னு. மொதல்ல வந்ததுக்கு எனக்குக் கெடச்சது அதுதான் டீச்சர்."

எனக்கு அங்கேயே யாரையாவது அடிக்கவேண்டும்போல் இருந்தது. இதை நான் சரிசெய்கிறேன், உன் பெயரைப் போடவைக்கிறேன், நம் பள்ளியின் இப்போதைய தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று படபடவென்று பேசினேன். அவள் தலையாட்டி மறுத்தாள். அதெல்லாம் இனி மாற்ற ஏலாது என்றாள்.

"பேரு ஒங்களதாவே இருந்துட்டுப் போகட்டும். மூஞ்சிய மட்டும் எடுக்க வேணாம்னு சொல்லுங்க. எங்க ஆளுங்க பாத்தா அது நான்தான்னு தெரிஞ்சிடும்தானே. எனக்கு அது போதும்."

தோட்டத்தில் பழம் பறிக்கும் சமயம் என்றாலும் லீவு போட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு விழாவுக்கு வருவதாகச் சொன்னாள்.

அவள் சொன்னதைக் கேட்டேன், ஆனால் காதில் வாங்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸிலேயே கடிதத்தை மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். முகம் மட்டும் போதும் என்று சொல்லும் அளவுக்கு ஒருத்தியை மிதித்து வைத்திருக்கிறார்களே என்று கொதித்தேன். அவள் வேண்டாம் என்றதைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்கு எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு. வகுப்பில் இருபது வருஷம் சத்தம் போட்டே வந்த நினைப்பு அது.

தலைமையாசிரியைக்கு இரண்டு பக்கம் எழுதினேன். காதைத் தொட்டது, பொய்க் காய்ச்சல், படிவம், ஒதுக்கீடு, ஒன்றையும் மறைக்கவில்லை. சான்றிதழின் நகலையும் வைத்தேன். எதற்கும் தயாராக இருக்கிறேன், என் வேலை போனாலும் சரி என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை எழுதும்போது என்னை எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. அரசாங்கத்தில் வேலை பார்க்கிறவளுக்கே உரிய புத்தியோடு அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நான்காம் நாள் தலைமையாசிரியை கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர், பள்ளிக்குப் புதிது, மரியாதையாகப் பேசினார். இப்படி எழுதப் பெரிய மனசு வேண்டும் மேடம் என்றார். அதன்பிறகு விஷயத்தைச் சொன்னார். ஆள்மாறாட்டம் செய்து ஓடிய ஓட்டம் செல்லாது. அவள் பெயரைப் போட்டால் பள்ளியே போலிப் படிவம் கொடுத்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும். இருக்கிறபடி விடலாம் என்றால் என் கடிதம் கோப்பில் இருக்கிறது, நாளைக்கு யாராவது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதில் சொல்ல முடியாது. அதனால் அந்தப் படத்தையே எடுத்துவிட நிர்வாகத்தில் முடிவு செய்துவிட்டார்கள். உங்கள் வேலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கடிதம் வெளியே போகாது என்றும் சொன்னார்.

நான் கத்தினேன். கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். தபால் பதிவேட்டில் எண் போட்டாயிற்று மேடம் என்றார். அந்த எண்ணைப் பற்றி எனக்குத் தெரியாததா? போட்டால் போட்டதுதான்.

உடனே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சண்டை போட்டாவது படத்தை மாட்ட வைத்துவிடலாம் என்று தலைமையாசிரியையோடும் செயலாளரோடும் கடைசி நாள்வரை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். செயலாளர் பிறகு என் போனையே எடுக்கவில்லை.

விழா அன்றைக்கு ஷாமியானா, நாற்காலி, மைக் எல்லாம் அமர்க்களமாக இருந்தது. உடற்கல்வி சாருக்குச் சால்வை போட்டார்கள். பள்ளியின் பாரம்பரியம் என்று ஆளுக்கு ஆள் அரைமணி நேரம் பேசினார்கள். பின்வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். புதுச் சேலை. பக்கத்தில் மகள், உறவுக்காரர்கள் நாலைந்து பேர். எல்லோருமாக ஒரு ஜீப் பிடித்து வந்திருந்தார்கள். ரிப்பன் வெட்டியதும் கூட்டம் வராந்தாவுக்குள் போனது.

அவள் சுவரோரமாக ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கடைசிப் படம்வரை போய்விட்டு, மறுபடியும் முதலிலிருந்து வந்தாள். எங்கேம்மா என்று மகள் கேட்டாள். உறவுக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பத்துப் படம்தான் இருந்தது.

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், செல்லாத ஓட்டம், பதிவு எண் எல்லாம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவளும் என்னோடு சேர்ந்து அவர்களைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"நான் ஒங்கிட்ட என்ன கேட்டேன்?" என்றாள்.

பதிலையும் அவளே சொன்னாள்.

"மூஞ்சிய எடுக்க வேணாம்னுதானே கேட்டேன்? இவங்கள்லாம் இருந்த எடத்துல விட்டுத்தான் வச்சிருந்தாங்க. எடுத்தது நீ. உண்மையச் சொல்லி ஒனக்கு என்னா போச்சு, சொல்லு பாப்போம்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். உறவுக்காரர்கள் பின்னாலேயே போனார்கள். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

எனக்கு ஒன்றும் போகவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல் நான் பள்ளியில் இருந்தேன்.