தீவுக்காரியின் மஞ்சள் முடிச்சு

தறியில் புதுப் பாவு ஏற்றிய ஒரு வெள்ளிக்கிழமை காலை. மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து தறிமரத்தில் கட்டிவிட்டுத் திரும்பினால், வாசலில் மாடி வீட்டு டீச்சர். "யாருக்கும்மா வேண்டுதல்?" என்றார். இரண்டு முறை கரு கலைந்துபோன என் மகளுக்காக. ஆனால் எங்கள் வீட்டில், பலிக்கும் வரை வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அது அம்மனுக்கும் நமக்கும் நடுவில் இருக்க வேண்டியது. "பருப்பு பொங்கிகினு கீது டீச்சர்" என்று உள்ளே போய்விட்டேன்.

டீச்சர் மானுடவியல் படித்தவர். மனிதர்களின் பழக்கவழக்கங்களை ஆராயும் படிப்பாம். பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரத்தில் நாவல் எழுதினார். உலகத்திலேயே இல்லாத ஒரு தீவு, அதில் இல்லாத ஜனங்கள். "சாப்பாடு, துணிமணி, சாமி பேரு எழுதினா மட்டும் ஜனங்க ஆயிட மாட்டாங்கம்மா. எதுக்குப் பயப்படறாங்கன்னு தெரியணும்" என்பார். அதற்காக எங்கள் வீட்டில் எதைக் கண்டாலும் கேள்விதான். விளக்கு வைத்த பிறகு ஏன் உப்பு கொடுப்பதில்லை என்று ஒரு மாதம் குடைந்தார். "இன்னா, நம்மள வெச்சே ஊரு கட்டறாங்களா?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். ஒரு நாள் அதில் ஒரு தீவுக்காரி, மகள் வயிற்றில் பிள்ளை தங்கவேண்டி, மஞ்சள் துணியில் சிப்பியை முடிந்தாள். வந்திருந்த பயணியிடம் அதையெல்லாம் விளக்கமாகச் சொன்னாள். நான் சொல்லாததை அவரே ஊகித்து எழுதியிருந்தார். கலசப்பாக்கத்தில் மாமியார் வீட்டில் இருந்த என் மகளுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது.

"அத்த எடுத்துடுங்க டீச்சர்."

"அது இல்லன்னா இவங்க வெறும் பொம்மைங்கம்மா."

"பொம்மையாவே இருக்கட்டும். எனக்கு எம்பொண்ணு வவுத்துல புள்ள நிக்கணும்."

அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு மாடியேறிவிட்டார். எனக்கு நிலைகொள்ளவில்லை. இல்லாத சாமிக்கு என் வேண்டுதலைத் தூக்கிக் கொடுத்தால், இருக்கிற அம்மன் என்ன நினைப்பாள்? போன் அடித்தால், மகள் வீட்டிலிருந்தோ என்று வீட்டுக்காரரையே எடுக்கச் சொன்னேன்.

சில நாள் கழித்து டீச்சரே இறங்கி வந்து மாற்றியதைப் படித்தார். பயணி கேட்கிறான். தீவுக்காரி, "மீன் கருகுது" என்று எழுந்து போகிறாள். அவன் எட்டிப் பார்க்கிறான், அடுப்பே மூட்டவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"என் பருப்பு பொய்யின்னு அன்னிக்கே தெரியுமா?"

"வாசனையே வரலையேம்மா. இப்பதான் இவங்க ஜனங்க."

டீச்சர் மாற்றலாகிப் போய், புத்தகமும் வந்துவிட்டது. என் பேத்தி தொட்டிலில் தூங்குகிறாள். முடிச்சை அம்மனிடம் செலுத்தியாயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் டீச்சரிடமும் சொன்னேன். "அப்ப அடுத்த பதிப்புல எல்லாத்தையும் சொல்லிடலாமாம்மா?" என்றார்.

"வேணாம் டீச்சர். அந்தத் தீவுக்காரி பொண்ணுக்கு இன்னும் பொறக்கலியே."