மாலை கழற்றிய பிறகும் சாமி

அய்யாசாமியை நல்லவன் என்றும் சொல்ல மாட்டேன், கெட்டவன் என்றும் சொல்ல மாட்டேன். பதினாறு வருஷம் ஒரே செக்‌ஷனில் அவனுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவன் நான். டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அவன் கீழ்வீடு, நான் மேல்வீடு. அவன் எழுதும் ஃபைலில் ஒரு பிழை இருக்காது. ஆனால் வாரத்தில் மூன்று நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்களெல்லாம் புல்தரையில் வெயில் காய்ந்து சீட்டாடும்போது, அவன் பஸ் ஏறிப் பெண்களிடம் போய்விடுவான். மூன்று மணிக்குத் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காததுபோல் டிபன் டப்பாவைத் திறப்பான்.

"இதுல என்னப்பா சுகம்?" என்று ஒரு தடவை எரிச்சலோடு கேட்டேன்.

"சுகமெல்லாம் எப்பமோ போச்சு அண்ணாச்சி. ஆபீஸ் வந்ததும் கையெழுத்து போடுதோம்லா, அது மாதிரி."

அவன் மனைவி லீலாவதிக்கு எல்லாம் தெரியும். அழுது ஓய்ந்து, கடைசியில் அதை ஒரு வியாதி என்று முடிவு கட்டிக்கொண்டாள். குடிகாரனுக்குக் குடி மாதிரி, அவரால் விட முடியவில்லை, பாவம். அந்தப் பாவம்தான் அவளை ஊருக்கு ரயில் ஏறாமல் பிடித்து வைத்திருந்தது.

1978-ல் அவனை ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனாள். அவளுக்கு இந்தி போதாது என்று நானும் கூடப் போனேன். டாக்டர் சொன்னதை நான்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். "சாராயத்தை நிறுத்தினா கை நடுங்குமாம். இதை நிறுத்தினா என்ன நடுங்கும்னு கேக்கறார். பசியை யாராவது போதைன்னு சொல்வாங்களான்னு கேக்கறார்." டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள் லீலாவதி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்தக் கார்த்திகையில் அவனை ஐயப்பனுக்கு மாலை போட வைத்தாள். டெல்லிக் குளிரில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளித்தான். உள்ளறையில் தனியாகப் பாய் விரித்துப் படுத்தான். வழக்கப்படி அவளும் அவனைச் சாமி என்றே கூப்பிட்டாள். நாற்பத்தொரு நாளும் அவன் பஸ் ஏறவில்லை. எங்களோடு புல்தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"கஷ்டமா இருக்கா?" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. நெனப்பே வரல. எனக்கே என்னமோபோல இருக்கு."

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினான். மூன்றாம் நாள் மதியம் அவன் மேஜை காலியாக இருந்தது.

அன்று சாயங்காலம் லீலாவதி என்னை மாடிப்படியில் நிறுத்தினாள். "அவுக இன்னைக்கு மத்தியானம் எங்க போயிருந்தாவ?"

எனக்குப் பொய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"முடியாதவுகன்னுதான அண்ணாச்சி இத்தன வருஷம் கூட இருந்தேன். நாப்பத்தோரு நாள் அவுகளால முடிஞ்சிருக்குல்லா. ஐயப்பனுக்காக முடியுது, எனக்காக முடியல. இனிமே நான் என்னன்னு சொல்லி மனச தேத்த?"

ஊருக்கும் அவள் போகவில்லை. அண்ணன் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? ஆனால் அவன் பாய் உள்ளறையிலேயே கிடந்தது. அவனைச் சாமி என்று கூப்பிடுவதையும் அவள் விடவில்லை. காலனியில் எல்லோரும் அதைப் பக்தி என்றார்கள். எனக்கு அந்தக் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து அவன் தானாகவே நிறுத்திவிட்டான். மருந்தும் இல்லை, விரதமும் இல்லை. அது போதையா, பழக்கமா, வெறும் திமிரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவனுக்கும் விளங்கியிருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவளிடம் சொன்னான். "நான் அந்தப் பக்கம் போயி வருஷம் ஒண்ணாச்சு, லீலா."

அவள் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரி, சாமி," என்றாள்.